எச்ஐவி கன்ட்ரோல்ல இருக்கு, ஆசனவாய் கேன்சருக்கு தனியா டெஸ்ட் எடுக்கணுமா?

ராத்திரி_ஷிப்ட்:

வணக்கம். இங்க ரொம்ப நாளா படிக்க மட்டும்தான் செஞ்சேன், இன்னைக்குதான் எழுதுறேன். வயசு 41, கே (ஆண்கள் மேல ஈர்ப்பு உள்ளவன்), எச்ஐவி பாசிட்டிவ்னு தெரிஞ்சு பல வருஷம் ஆச்சு. மாத்திரை ஒழுங்கா போடுறேன், வைரல் லோட் (ரத்தத்துல வைரஸ் அளவு) எப்பவும் அன்டிடெக்டபிள்தான், அதாவது டெஸ்ட்ல தெரியாத அளவு கம்மி, சிடி4-ம் (எதிர்ப்பு சக்தி செல் எண்ணிக்கை) இப்ப நல்லா இருக்கு. கண்டுபிடிச்ச புதுசுல 100-க்கு கீழ போயிருந்துச்சு, அது பழைய கதை.

விஷயம் என்னன்னா, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஆசனவாய்ல கேன்சர் வர்ற ரிஸ்க் ஜாஸ்தி, பெண்களுக்கு கர்ப்பப்பை வாய்க்கு பாப் ஸ்மியர் எடுக்குற மாதிரி நமக்கும் வருஷா வருஷம் எடுக்கணும்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான். என் டாக்டர் இத்தனை வருஷத்துல இதப்பத்தி வாயே திறந்ததில்ல. போனா ரத்த ரிப்போர்ட்ட பாப்பாரு, மாத்திரை எழுதுவாரு, அடுத்த ஆள் உள்ள வந்துடுவாங்க. அவரையும் தப்பு சொல்ல முடியாது, வெளிய அவ்ளோ கூட்டம்.

நெஜமாவே இந்த டெஸ்ட் தேவையா? வைரஸ் கன்ட்ரோல்ல இருந்தா ரிஸ்க் போயிடாதா? வலிக்குமா? என் பார்ட்னருக்கு 46, பை (ஆண், பெண் ரெண்டு பேர் மேலயும் ஈர்ப்பு), எச்ஐவி நெகட்டிவ், அவரும் எடுக்கணுமா? அவருக்கு இதெல்லாம் பேசினாலே பிடிக்காது, "பின்னாடி கை வைக்க விட மாட்டேன்"னு இப்பவே சொல்லிட்டாரு (டாக்டரத்தான் சொல்றாரு).

அப்புறம் இன்னொன்னு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கானு தெரியல, கொஞ்ச நாளா போயிட்டு துடைக்கும்போது எப்பவாவது ரத்தம் தெரியுது, லேசா அரிப்பும் இருக்கு. பைல்ஸ்னு நெனச்சு மெடிக்கல்ல ஆயின்மென்ட் வாங்கி போட்டுட்டு இருக்கேன்.

---

வார்டு_அக்கா:

தம்பி, நீங்க கடைசியா சேத்த வரிதான் முதல்ல வந்திருக்கணும். ரத்தம் வருதுன்னா அது ஸ்க்ரீனிங் சமாச்சாரமே இல்ல. ஸ்க்ரீனிங்கிறது எந்தத் தொந்தரவும் இல்லாதவங்களுக்கு. தொந்தரவு இருக்குறவங்க நேரா போய் காட்டணும், ஸ்வாப் (குச்சியால தடவி செல் எடுக்குற டெஸ்ட்) எடுக்கலாமா வேணாமானு யோசிச்சிட்டு உக்காரக்கூடாது. பத்துக்கு ஒம்பது தடவை பைல்ஸா இல்ல வெடிப்பாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. ஆனா ஆசனவாய் கேன்சரும் ஆரம்பத்துல இதே மாதிரிதான் இருக்கும், ரத்தம், அரிப்பு, உக்காந்தா ஏதோ உறுத்துற மாதிரி, அதனாலதான் மாசக்கணக்குல ஆயின்மென்ட் போட்டு நாளக் கடத்திட்டு கட்டி பெருசான பிறகு வர்றவங்க இருக்காங்க. நான் டாக்டர் இல்ல, பாலியல் நலக் கிளினிக்ல நர்ஸா இருக்கேன், அங்க பாத்ததையும் படிச்சதையும் வச்சு சொல்றேன்.

இந்த வாரமே போங்க. "ரத்தம் வருது, எனக்கு எச்ஐவி இருக்கு, விரல் விட்டு பாத்து சொல்லுங்க"னு மூணு விஷயத்தையும் ஒரே மூச்சுல சொல்லிடுங்க. வெளியிலிருந்து எட்டிப் பாத்துட்டு பைல்ஸ்னு எழுதிக் குடுத்தா திருப்தி ஆகாதீங்க. கையுறை போட்ட விரலை உள்ள விட்டு சுத்தி வர தடவிப் பாக்கணும், கட்டியா எதாவது இருந்தா விரல்ல தட்டுப்படும். ஒரு நிமிஷம் கூட ஆகாது.

இப்ப உங்க மெயின் கேள்வி. இந்த கேன்சர்ல ஏறக்குறைய 90 சதவீதம் எச்பிவி வைரஸால வர்றது, அதுலயும் 16-ம் நம்பர் வகைதான் பெரிய வில்லன். கர்ப்பப்பை வாய் கேன்சருக்கும் இதே வைரஸ்தான், அதக் கண்டுபிடிச்சதுக்குத்தான் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல நோபல் குடுத்தாங்க. உங்க ஃப்ரெண்டு பாப் ஸ்மியரோட ஒப்பிட்டது சரிதான்.

ரிஸ்க் எவ்ளோன்னா, பொதுவா மக்கள்ல வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற அபூர்வமான கேன்சர் இது. எச்ஐவி இல்லாத கே, பை ஆண்கள்ல லட்சத்துக்கு 19 கிட்ட. எச்ஐவி இருக்குற கே, பை ஆண்கள்ல லட்சத்துக்கு 85 கிட்ட. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளச் சேத்து 2021-ல போட்ட கணக்கு இது. 85-ங்கிறது லட்சத்துலதான்ங்கிறதையும் மறந்துடாதீங்க, நாளைக்கே வந்துடும்னு அர்த்தம் இல்ல.

வைரல் லோட் அன்டிடெக்டபிளா இருந்தா ரிஸ்க் குறையும், போயிடாது. ஒரு காலத்துல சிடி4 எவ்ளோ கீழ போச்சுங்கிறதும் கணக்குல வரும். நீங்க பழைய கதைன்னு தள்ளின 100-க்கு கீழங்கிற விஷயத்தை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. அந்த சமயத்துல எச்பிவி உள்ள நல்லா வேர் விட்டிருக்க வாய்ப்பு உண்டு. சிகரெட் பிடிப்பீங்கன்னா அதையும் சொல்லுங்க, அதுவும் ரிஸ்க்கை ஏத்தும்.

டெஸ்ட் தேவையான்னு கேட்டீங்கல்ல, ரொம்ப வருஷமா இதுல இழுபறிதான், முன்னாடியே கண்டுபிடிச்சு எரிச்சு எடுத்தா நெஜமாவே கேன்சர் குறையுதானு யாருக்கும் உறுதியாத் தெரியாம இருந்துச்சு. ஆங்கர்னு அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு, எச்ஐவி இருக்குற, 35 வயசுக்கு மேல, கேன்சருக்கு முந்தின ஹை கிரேட் மாற்றம் இருந்த 4,446 பேர எடுத்து பாதிப் பேருக்கு சிகிச்சை குடுத்தாங்க, மீதிப் பேர விடாம கண்காணிச்சாங்க. சிகிச்சை எடுத்த பக்கம் 9 பேருக்கு கேன்சர், கண்காணிப்புல இருந்தவங்க பக்கம் 21 பேருக்கு. 57 சதவீதம் குறைவு. பலன் தெளிவாத் தெரிஞ்சதால 2021-லயே பாதியில நிறுத்தி எல்லாருக்கும் சிகிச்சைய குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, முழு ரிசல்ட் 2022-ல வந்துச்சு. அதுக்குப் பிறகுதான் கைட்லைன் எல்லாம் மாற ஆரம்பிச்சது.

சர்வதேச ஆசனவாய் நியோப்ளாசியா சொசைட்டி 2024-ல சொன்னது இதுதான்: எச்ஐவி இருக்குற கே, பை ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் 35 வயசுலேருந்து, எச்ஐவி இல்லாதவங்களுக்கு 45-லேருந்து. ஆக நீங்களும் வர்றீங்க, உங்க பார்ட்னரும் வர்றாரு. கை வைக்க விட மாட்டேன்னு சொல்றவருக்கு நான் தனியா எழுதுறேன், இப்ப டியூட்டிக்கு நேரமாச்சு.

---

வெறும்வாசகன்:

அக்கா மெயினா எல்லாம் சொல்லிட்டாங்க, நான் அந்த மேஜை மேல படுத்தவன்ங்கிற முறையில சொல்றேன். எனக்கும் எச்ஐவி உண்டு, ஸ்வாப்ல அப்நார்மல்னு வந்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பினாங்க.

ஸ்வாப் ஒண்ணுமே இல்ல ப்ரோ. மூக்குல விடுற குச்சி மாதிரிதான், தண்ணியில நனச்சு ஒரு விரல் நீளத்துக்கு உள்ள விட்டு சுத்திக்கிட்டே மெதுவா வெளிய எடுப்பாங்க. ஜெல் போட மாட்டாங்க, ஜெல் ஒட்டினா செல் சரியா வராதாம், அதனால கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும். அவ்ளோதான்.

ஸ்வாப்ல ஏதாவது தெரிஞ்சாத்தான் ஹை ரெசல்யூஷன் அனாஸ்கோப்பி. எனக்கு அதுக்கு முன்னாடி ராத்திரி தூக்கமே வரல, போய் பாத்தா நெனச்ச அளவுக்கு இல்ல. இடது பக்கமா ஒருக்களிச்சு முட்டிய மடக்கிப் படுக்கச் சொல்வாங்க. முதல்ல விரல், அப்புறம் கட்டை விரல் தடிமன்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். அது வழியா அசிட்டிக் ஆசிட்ல நனச்ச காஸ் துணியச் சுருட்டி உள்ள வச்சுட்டு ஓரிரு நிமிஷம் அப்படியே விட்டுடுவாங்க. வினிகர்தான் அது, ரூம் பூரா ஊறுகாய் பாட்டில் திறந்த வாசம். எரிச்சல் கொஞ்சம் இருக்கும். துணிய எடுத்த பிறகு மைக்ரோஸ்கோப் மாதிரி ஒண்ண வச்சு கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் திருப்பிப் பாப்பாங்க, சந்தேகமான இடம் வெள்ளையாத் தெரியும். எனக்கு எதிர்ல ஸ்க்ரீன் இருந்துச்சு, நானே பாத்தேன், ரோஸ் கலர்ல ஈரமா இருக்குற சுவர்ல நகம் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு, அதுக்குள்ள சின்னச் சின்ன சிவப்புப் புள்ளி. டாக்டரம்மா அந்தப் புள்ளியத்தான் ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் அயோடின் தடவினாங்க, நல்ல இடம் கரும்பழுப்பா மாறிடுச்சு, அந்தத் திட்டு மட்டும் மஞ்சளாவே நின்னுச்சு.

அங்கேருந்து பயாப்ஸி, அதாவது டெஸ்ட்டுக்கு துளி சதை எடுக்குறது. உள்பக்கம் எடுத்தது கிள்ளின மாதிரி கூட தெரியல, உள்ள அந்த அளவுக்கு உணர்ச்சி இல்லையாம். வெளி ஓரத்துல எடுக்கணும்னா மரத்துப்போக ஊசி போடுவாங்க, அந்த ஊசிதான் கண்ணுல தண்ணிய வரவழைக்கும், பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு மூணு நாளைக்கு துடைக்கும்போது ரத்தம் வரும், ஒரு வாரம் செக்ஸ் வேணாம்னாங்க.

ஹை கிரேட்னு வந்துச்சு. கரண்ட் வச்சு சுட்டாங்க, அங்கயே, மரத்துப்போக ஊசி போட்டு. அன்னைக்கு ஒண்ணும் தெரியல, அடுத்த சில நாள் டாய்லெட் போறதுதான் நரகம். மலம் இளக மருந்து குடுப்பாங்க, அத ஒழுங்காக் குடிங்க, வெதுவெதுப்பான தண்ணி டப்ல உக்காருங்க. ஒரு தடவையோட முடியும்னும் நெனைக்காதீங்க. எனக்கு அடுத்த செக்கப்ல வேற பக்கத்துல புதுசா ஒண்ணு இருந்துச்சு. திரும்ப வர்றது ரொம்ப சகஜம்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க, சொல்லியும் மனசு ஒடஞ்சுதான் போச்சு.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, கொலனோஸ்கோப்பி எடுத்தேன் க்ளியர்னு சொன்னாங்கன்னு யாராவது இதத் தள்ளிப் போட்டா அது வேற இது வேற. கொலனோஸ்கோப் பெருங்குடலப் பாக்கப் போறது, நம்ம இடத்த நாலு சென்டிமீட்டர்ல தாண்டிப் போயிடும். வினிகரும் போட மாட்டாங்க, வெள்ளைத் திட்டும் தெரியாது.

---

கணக்குப்புள்ள:

எல்லாரும் ஆங்கர் ஆங்கர்னு சொல்றீங்க, நானும் படிச்சேன், கொஞ்சம் மறுபக்கத்தையும் சொல்லிடுறேன், திட்டாதீங்க.

57 சதவீதம்னா பெருசாத்தான் தெரியும். அதே ஆய்வுல கண்காணிப்புல மட்டும் இருந்தவங்களுக்கு லட்சம் பேர்ல வருஷத்துக்கு 402, சிகிச்சை எடுத்தவங்களுக்கு 173. அதாவது ஹை கிரேட் இருந்தும் ஒண்ணும் செய்யாம விட்டா ஆயிரம் பேர்ல வருஷத்துக்கு நாலு பேர், செஞ்சா ரெண்டு பேருக்கு கொஞ்சம் கீழ. மீதி தொள்ளாயிரத்து சொச்சம் பேர் சூடு வாங்கி டப்ல உக்காந்ததுதான் மிச்சம். சிட்னில ஸ்பாங்க்னு கே ஆண்கள வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணின ஆய்வு ஒண்ணு இருக்கு, அதுல ஹை கிரேட் இருந்தவங்கள்ல வருஷத்துக்கு நூத்துக்கு 22 பேர் அளவுக்கு தானாவே சரியாச்சு, யாரும் தொடல. எல்லாத்தையும் சுடணுமா?

இன்னொரு விஷயம், ஆங்கர்ல இருந்தவங்க எல்லாருக்கும் எச்ஐவி உண்டு. நெகட்டிவா இருக்குற கே, பை ஆண்கள்ல இப்படி சிகிச்சை குடுத்து கேன்சர் குறையுதானு அந்த ஆய்வு சொல்லல. ரிஸ்க்கை வச்சு ஊகிச்சு 45-னு போட்டிருக்காங்க. பார்ட்னர வம்பா இழுத்துட்டுப் போகாதீங்க.

முக்கியமா இத சொல்லணும். ஸ்வாப் எடுக்க எல்லா லேபும் ரெடி, அப்நார்மல்னு வந்தா அந்த அனாஸ்கோப்பி செய்ய ஆள் இருக்கா? நல்லாத் தெரிஞ்சு செய்யறவங்க எங்க போனாலும் ரொம்பக் கம்மி. என் ஃப்ரெண்டு ஒருத்தன் ஆர்வக்கோளாறுல ஸ்வாப் எடுத்தான், சரியில்லன்னு வந்துச்சு, அடுத்து யார்கிட்ட போறதுன்னு எடுத்த எடத்துலயே தெரியல. அந்தப் பேப்பர கையில வச்சுக்கிட்டு மாசக்கணக்குல தூங்காம இருந்தான். அந்த மாதிரி டெஸ்ட்டுக்கு எடுக்காமலே இருந்திருக்கலாம்.

---

வார்டு_அக்கா:

கணக்குப்புள்ள சொன்னதுல பாதிக்கு மேல நான் ஒத்துக்குறேன், திட்ட மாட்டேன். அமெரிக்க எச்ஐவி கைட்லைன்லயே 2024-ல அதத்தான் எழுதியிருக்காங்க, அனாஸ்கோப்பிக்கு அனுப்ப வழி இல்லேன்னா ஸ்வாப் எடுக்காதீங்க, ஆனா வருஷா வருஷம் தொந்தரவு இருக்கானு கேட்டு விரல் பரிசோதனையச் செஞ்சிடுங்கன்னு. அதனால தம்பி, லேபுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி, "ரிசல்ட் சரியில்லன்னா யார் பாப்பாங்க?" பதில் வரலேன்னா ஸ்வாப்ப விட்டுடுங்க, விரல் பரிசோதனைய விடாதீங்க.

ஆனா ஆயிரத்துல நாலுங்கிறது ஒரு வருஷக் கணக்கு ஐயா. 41 வயசுல ஹை கிரேட் இருக்குறவருக்கு முன்னாடி இன்னும் முப்பது நாப்பது வருஷம் இருக்கு. தானா சரியாகுற அந்த 22 பேர் யாரு, கேன்சராகுற ஆள் யாருன்னு முன்கூட்டியே பிரிச்சுச் சொல்ல இன்னும் நல்ல டெஸ்ட் வரல. எச்பிவி 16 விடாம ஒட்டிக்கிட்டிருந்தா சரியாகுற வாய்ப்பு கம்மின்னு அதே சிட்னி ஆய்வுலதான் பாத்தாங்க. அதையும் சேத்துச் சொல்லியிருக்கலாம்.

பார்ட்னர் விஷயத்துல, எச்ஐவி இல்லாதவங்களுக்கு ஆதாரம் கொஞ்சம் மெலிசுதான், சரி. விருப்பம் இருந்தா எடுத்துக்கட்டும், கட்டாயம் பண்ண வேணாம். விரல் பரிசோதனைக்கு மட்டும் ஒத்துக்கிட்டா போதும், 46 வயசுல எப்படியும் எதாவது ஒண்ணுக்கு அந்த விரல் வரத்தான் போகுது.

---

ஓரத்துல_ஒருத்தன்:

நடுவுல பூந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும். நான் பை, கல்யாணம் ஆனவன், 48. ஆண்களோட இருந்தது உண்டு, எப்பவும் மேல இருந்த பக்கம்தான், பின்னாடி யாரும் தொட்டதில்ல. அப்ப எனக்கு இது கிடையாதுதானே? அப்படியே எடுக்கணும்னாலும் எங்க குடும்ப டாக்டர்கிட்ட போய் நான் எப்படிச் சொல்றது, என் மனைவிக்கும் அவர்தான் பாக்குறாரு. சொல்லாம எடுக்க முடியுமா?

---

வார்டு_அக்கா:

மேல இருந்தா ரிஸ்க் கம்மி, இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. எச்பிவி தோலோட தோல் பட்டாலே பரவும், விரல்லயும் டாய்லயும் போகும், காண்டம் முழுசா மறைக்காது. பின்பக்கம் செக்ஸே வச்சுக்காத பெண்களுக்கும் ஆண்களுக்கும் இந்த கேன்சர் வருது. சொல்லப்போனா பொதுவா மக்கள்ல ஆண்களை விட பெண்களுக்குத்தான் இது அதிகம். ஃபாரா ஃபாசெட்னு ஹாலிவுட் நடிகை 2009-ல இதுலதான் இறந்தாங்க, வெளிப்படையாப் பேசினதால நிறைய பேருக்கு இப்படி ஒரு கேன்சர் இருக்குன்னே அப்பதான் தெரிஞ்சது. கே ஆளுங்க வியாதின்னு முத்திரை குத்துறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல.

டாக்டர்கிட்ட வாழ்க்கை வரலாறு சொல்ல வேண்டியதில்ல. ரத்தமோ கட்டியோ இருந்தா அதச் சொன்னாலே பாக்கணும், யார் கூட இருந்தீங்கன்னு கேக்க அவசியமே இல்ல. தொந்தரவு இல்லாம ஸ்க்ரீனிங் வேணும்னா மட்டும் காரணம் தெரியணும். அதுக்கு குடும்ப டாக்டர விட்டுட்டு எச்ஐவி, பாலியல் நோய் பாக்குற கிளினிக்குக்குப் போங்க, அங்க "ஆண்களோடயும் உறவு உண்டு"ன்னு ஒரு வரி சொன்னா புருவம் கூட உயராது, நாள் பூரா கேக்குற வரி அது. அப்படியே எச்ஐவி டெஸ்ட்டும் எடுத்துடுங்க, எடுத்து ரொம்ப நாள் ஆயிருந்தா. மனைவி அவங்க கர்ப்பப்பை வாய் ஸ்க்ரீனிங்க ஒழுங்கா எடுக்குறாங்களானு மட்டும் பாத்துக்கங்க, அது எந்தப் பெண்ணுக்கும் தேவைதான், அதுக்குக் காரணம் சொல்லணும்னு இல்ல.

---

மஞ்சள்_குடை:

எச்பிவி வாக்சின் பத்தி யாருமே பேசலையே? எனக்கு 24, நெகட்டிவ். எடுத்துக்கிட்டா இந்த தலைவலியெல்லாம் இல்லாம இருக்கலாமா?

---

வெறும்வாசகன்:

24-ன்னா யோசிக்காம போடுங்க. 26 வரைக்கும் போடச் சொல்றாங்க, அதுக்கு மேல 45 வரைக்கும் டாக்டரோட பேசி முடிவு பண்ணலாம். பிரிட்டன்ல கே, பை ஆண்களுக்கு 45 வரைக்கும் பாலியல் நலக் கிளினிக்லயே போடுறாங்க. ஆனா அது புதுசா வர்றதத் தடுக்கும், ஏற்கனவே உள்ள உக்காந்திருக்குறதத் துரத்தாது. என்னை மாதிரி ஹை கிரேட் வந்தவங்களுக்கு வாக்சின் போட்டா திரும்ப வராதானு நெதர்லாந்துல பாத்தாங்க, பலன் இல்ல. அதனால நான் போடல, என் தம்பிய இழுத்துட்டுப் போய் போட வச்சேன். வாக்சின் போட்டாலும் வயசு வரும்போது ஸ்க்ரீனிங் வேணும்ங்கிறது மாறாது.

---

கணக்குப்புள்ள:

இதுல எனக்கு எந்த மறுப்பும் இல்ல. வாக்சின் போடுங்க.

---

ராத்திரி_ஷிப்ட்:

எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ பதில் வரும்னு நெனக்கல. போயிட்டு வந்தேன். அக்கா சொன்ன மாதிரியே மூணையும் ஒரே மூச்சுல சொன்னேன், டாக்டர் பேனாவ கீழ வச்சுட்டு நிமிந்து பாத்தாரு, இத்தனை வருஷத்துல அதுதான் முதல் தடவை. அவரே விரல் விட்டுப் பாத்தாரு. ஒரு வெடிப்பு இருக்கு, ரத்தம் அங்கேருந்துதான்னு நெனைக்கிறாரு. அது கூடவே உள்ள வலது பக்கம் கடலைப் பருப்பு அளவுக்கு கொஞ்சம் தடிப்பா தட்டுப்படுதுன்னு சொன்னாரு, பழைய பைல்ஸா இருக்கலாம், ஆனா தெரிஞ்சவங்க பாத்துடட்டும்னு அனாஸ்கோப்பி செய்யற ஒருத்தருக்கு லெட்டர் குடுத்திருக்காரு. அங்க முதல்ல ஸ்வாப்பும் எடுப்பாங்களாம். தேதி கிடைச்சிடுச்சு.

வயித்துல புளியக் கரைக்குது. ஒருவேளை அதுவா இருந்தா என்ன ஆகும்? வயித்துல மலப் பை மாட்டிக்கிட்டு வாழணுமா? அப்புறம் போறதுக்கு முன்னாடி என்ன செய்யணும், சுத்தமா கழுவிட்டுப் போகணுமா? பார்ட்னர் கூட வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவர காட்டச் சொல்லல, கூட வந்தா போதும்னுட்டேன்.

---

வார்டு_அக்கா:

நல்ல காரியம் பண்ணினீங்க. தடிப்புன்னாலே கேன்சர்னு இல்ல, பைல்ஸ், பழைய மரு, தழும்பு எல்லாமே விரலுக்கு அப்படித்தான் தெரியும்.

மலப் பை பத்தி கேட்டதால சொல்றேன். ஒரு காலத்துல இந்த கேன்சர்னாலே ஆசனவாயோட சேத்து எடுத்துட்டு வயித்துல பை மாட்டுறதுதான். 1974-ல நார்மன் நைக்ரோனு ஒரு சர்ஜன், ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோவும் ரேடியேஷனும் சேத்துக் குடுத்தா கட்டி கரைஞ்சே போகுதுன்னு காட்டினாரு, அதுலேருந்து மாறிடுச்சு. இப்ப பெரும்பாலானவங்களுக்கு முதல் சிகிச்சையே அதுதான், பை இல்லாமலே சரியாகுறாங்க. அதே இடத்தோட நிக்கும்போது கண்டுபிடிச்சவங்கள்ல 80 சதவீதத்துக்கு மேல அஞ்சு வருஷம் தாண்டி இருக்காங்க. ரொம்பச் சின்னதா வெளி ஓரத்துல இருந்தா வெட்டி எடுத்தே முடிச்சுடுறதும் உண்டு. ரேடியேஷன் லேசுப்பட்டது இல்ல, தோல் வெந்து போகும், செக்ஸ், டாய்லெட் ரெண்டுலயும் பின்விளைவு இருக்கும். ஆனா அதெல்லாம் நீங்க இன்னும் வந்து சேராத ஊர், இப்பவே டிக்கெட் எடுக்காதீங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு நாள், 24 மணி நேரம், பின்பக்கம் எதுவும் உள்ள போகக் கூடாது. செக்ஸ், டாய், ஜெல், ஆயின்மென்ட் எதுவும் வேணாம். எனிமாவோ டூஷோ எடுத்துக் கழுவவே கழுவாதீங்க, அக்கறையா கழுவிட்டு வர்றவங்க சாம்பிள்தான் வீணாப் போகும், வேணும்ங்கிற செல்லே அதுல போயிடும். சாதாரணமா டாய்லெட் போயிட்டு வெளிய கழுவினா போதும், அவங்க பாக்காத அசிங்கம் இல்ல. ரத்தம் இளகுற மாத்திரை ஏதாவது எடுத்தா போன் பண்ணி முன்னாடியே சொல்லிடுங்க, பயாப்ஸி எடுக்கலாம்ல.

அங்க ஸ்வாப்ப விரல் பரிசோதனைக்கு முன்னாடி எடுப்பாங்க, விரலுக்கு ஜெல் போடுவாங்கன்னுதான். வரிசை மாறினா நீங்களே கேளுங்க.

---

வெறும்வாசகன்:

ரிப்போர்ட்ட வாயால கேட்டுட்டு வந்துடாதீங்க ப்ரோ, காப்பி வாங்குங்க. ஸ்வாப் ரிப்போர்ட்ல லோ கிரேட்னு இருந்தா அது பெரும்பாலும் மரு வகை எச்பிவி, கேன்சருக்கு முந்தின நிலை இல்ல. ஹை கிரேட்னு இருந்தா பயாப்ஸி வர்ற வரைக்கும் முடிவு இல்ல, ஸ்வாப் ரெண்டு பக்கமும் தப்பு பண்ணும், எனக்கு ஸ்வாப்ல லேசாத்தான் வந்துச்சு, பயாப்ஸிலதான் ஹை கிரேட்னே தெரிஞ்சது. செல் போதலன்னு வந்தா நார்மல்னு யாராவது சொல்லி அனுப்பிடுவாங்க, ஏமாறாதீங்க, திரும்ப எடுக்கச் சொல்லுங்க. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் வந்துச்சு.